இருபத்தொன்பதாம் தேதிக் கட்டம்

பெட்டியைத் திறந்து உள்ளே இருந்த சின்ன நோட்டைப் புரட்டிய எக்கார்ட், அதில் தன் கையெழுத்தே இருப்பதைப் பார்த்தார்.

'கைகாட்டி, 14.3.2015' என்று எழுதியிருந்தது. கைகாட்டி என்பது பெட்டி வேட்டைக்காரர்கள் மத்தியில் அவருடைய புனைபெயர். ரயில்வே சிக்னல் அறையில் முப்பத்தெட்டு வருடம் உட்கார்ந்தவருக்கு வேறென்ன பெயர் வரும்? கடைசி எழுத்தின் வாலை நீட்டி இழுத்து, அதன் முனையில் அழுத்தி ஒரு புள்ளி வைக்கும் வழக்கம் ஜெர்மனியின் துரிங்கியா மாநிலம் முழுக்கத் தேடினாலும் அவர் ஒருவருக்குத்தான் உண்டு. வேறு யாரோ எழுதியது என்று சொல்லித் தப்பிக்க வழியே இல்லை.

ஓடைக்கு அந்தப் பக்கம் பாறைமேல் உட்கார்ந்து, பிளாஸ்கின் மூடியில் காப்பி குடித்துக்கொண்டிருந்த அவர் மனைவி ஹைட்ரூன், புருஷனின் முகம் போன போக்கைப் பார்த்தே விஷயத்தைப் புரிந்துகொண்டார்.

"பஸ்ல வரும்போதே சொன்னேன். இந்த ஓடையில நான் வழுக்கி விழுந்திருக்கேன்னு. நீ என்ன சொன்ன? 'என் பட்டியல்ல இல்ல, அதனால நீ விழலை'ன்ன."

"பட்டியல்ல இல்லையே, ஹைட்ரூன்."

"என் முட்டியில தழும்பு இருக்கு. அதை உன் பட்டியல்ல சேத்துக்கோ."

எக்கார்ட் நோட்டை மூடினார், திறந்தார், மறுபடி மூடினார். தேதி மாறவில்லை.

பெட்டி வேட்டை ஒன்றும் பெரிய ரகசியம் இல்லை. ஒருவர் காட்டிலோ பாலத்தடியிலோ ஒரு பெட்டியை ஒளித்து வைத்துவிட்டு, இடத்தை இணையத்தில் அறிவிப்பார். மற்றவர்கள் தேடிப்போய், உள்ளே இருக்கும் நோட்டில் பெயரும் தேதியும் எழுதி, பெட்டியை இருந்த இடத்திலேயே வைத்துவிட்டு, இணையத்திலும் ஒரு வரி பதிவார்கள். பரிசு கிடையாது, பதக்கம் கிடையாது. அதனால்தான் வெறி அதிகம். அந்த வெறியில் முற்றிய நிலை ஒன்று உண்டு. லீப் நாளையும் சேர்த்து வருடத்துக்கு முன்னூற்று அறுபத்தாறு தேதிகள். ஒவ்வொரு தேதிக்கும் ஒரு கட்டம். எந்த வருடமானாலும் சரி, அந்தத் தேதியில் ஒரு புதுப் பெட்டியாவது கண்டுபிடித்திருந்தால் கட்டம் நிரம்பும். எக்கார்டுக்கு முன்னூற்று அறுபத்தைந்து நிரம்பிவிட்டது. கிறிஸ்துமஸ் அன்றும், மச்சினியின் கல்யாணத்தன்றும், கொட்டும் மழையிலும் போய் நிரப்பியவர். காலியாக இருந்தது பிப்ரவரி இருபத்தொன்பது மட்டும். 2016-இல் அந்தத் தேதியில் பித்தப்பைக் கல்லோடு ஆஸ்பத்திரியில் கிடந்தார். 2020-இல் முப்பத்தொன்பது டிகிரி காய்ச்சல். இன்று மூன்றாவது தடவை. இன்றும் விட்டால் இன்னும் நாலு வருடம். அப்போது அவருக்கு எழுபத்தொன்று நடக்கும்.

அதற்காகவே இந்த ஓடைப் பெட்டியை, தொடாத பெட்டி என்று நம்பி, வருடக்கணக்காகப் பொத்திப் பொத்தி வைத்திருந்தார். நேர்ந்துவிட்ட கிடாயைக்கூட யாரும் இப்படிப் பாதுகாத்திருக்க மாட்டார்கள்.

தப்பு அவருடைய பதிவு முறையில் இருந்தது. ஆனால் அதை அவரிடம் சொல்லிவிட்டு உயிரோடு போக முடியாது. கைபேசியில் அங்கேயே ஒரு தட்டு தட்டிப் பதிகிறவர்களை அவர் மதிப்பதே இல்லை. 'பேட்டரி செத்துப்போகும், காகிதம் சாகாது' என்பது அவர் கட்சி. காட்டில் பென்சிலால் சட்டைப்பை நோட்டில் எழுதுவார். ஞாயிற்றுக்கிழமை மதியம் அதைக் கணினியில் ஒரு பெரிய பட்டியலாக ஏற்றுவார். பட்டியலில் ஒரு பெட்டிக்கு முப்பத்தொரு விவரங்கள்: தேதி, வானிலை, ஏற்றம், போட்டிருந்த செருப்பு அல்லது பூட்ஸ், குரைத்த நாய்களின் எண்ணிக்கை. அதற்குப் பிறகுதான் இணையத்துக்குப் போகும். கண்டுபிடித்தது பச்சை, கண்டுபிடிக்காதது வெள்ளை. தான் பிடித்த முயலுக்கு மூன்றே கால் என்று சாதிக்கிற மனிதர் அந்தப் பச்சை வெள்ளையை வேதமாக நம்பினார்.

"அன்னிக்கு என் ஷூ ரெண்டும் தொப்பலா நனைஞ்சு போச்சு. உனக்கு ஞாபகம் இருக்கா?" என்றார் ஹைட்ரூன்.

"இல்ல."

"பஸ் ஸ்டாப்ல உக்காந்து, ஈரம் உறிஞ்சட்டும்னு காகிதத்தைக் கசக்கி ஷூவுக்குள்ள அடைச்ச. எங்கேர்ந்து கிழிச்ச அந்தக் காகிதத்தை?"

எக்கார்ட் மெல்ல சட்டைப்பையைத் தொட்டார். அன்றைய பக்கம், அன்றைய பெட்டிகளோடு, மனைவியின் ஷூவுக்குள் போய் ஊறிக் கூழாகிவிட்டது. சாகாத காகிதம் செத்த கதை அதுதான்.

"சரி விடு. இப்ப இன்னிக்குத் தேதியைப் போட்டு இன்னொரு கையெழுத்து வை. யாருக்குத் தெரியப்போகுது?"

"நோட்டுக்குத் தெரியும்."

"நோட்டு வாய் திறக்காது, மனுஷா."

"எனக்குத் தெரியும்ல." குரல் கொஞ்சம் உடைந்தது. "முன்னூத்து அறுபத்தஞ்சு கட்டமும் சுத்தம், ஹைட்ரூன். கடைசி ஒண்ணுல போய்த் திருடச் சொல்றியா?"

ஹைட்ரூன் அதற்குமேல் வற்புறுத்தவில்லை. இந்த விஷயத்தில் மட்டும் அவருக்குப் புருஷன்மேல் ஒரு ரகசிய மரியாதை உண்டு. வாயால் சொன்னதில்லை, அவ்வளவுதான்.

அவர்கள் கார் பணிமனையில் கிடந்தது. பஸ் இனி மூன்று மணிக்குமேல். நடக்கிற தூரத்தில் இருந்த பெட்டிகளையெல்லாம் எப்போதோ மேய்ந்து முடித்தாகிவிட்டது. எக்கார்ட் கைபேசியில் தன் பட்டியலை எடுத்து மேலும் கீழும் தள்ளினார். ஒரே பச்சை. புல்வெளி மாதிரி பச்சை.

"அந்தக் கறுப்புல ஒண்ணு இருக்கே. கழுகுப் பாறை," என்றார் ஹைட்ரூன்.

எக்கார்டின் முகம் சுருங்கியது. பட்டியலில் கறுப்பு என்று ஒரு நிறமும் உண்டு. அதில் இருப்பது ஒரே ஒரு பெட்டி. அந்த வரி கண்ணில் படக்கூடாது என்று அதை மறைத்து வைக்கவும் ஏற்பாடு செய்திருந்தார். அது ஃபோல்க்மார் ஒளித்த பெட்டி. புகைபோக்கி துடைக்கும் தொழிலில் இருந்து ஓய்வு பெற்ற ஃபோல்க்மார்தான் எக்கார்டை இந்த வேட்டைக்கே இழுத்துவந்தவர். ஐந்து வருடம் இருவரும் ஒன்றாகவே சுற்றினார்கள், ஒரே டப்பாவில் ரொட்டி தின்றார்கள். 2018-இல் எக்கார்ட் கழுகுப் பாறைக்கு மூன்று தடவை தனியாகப் போய், மூன்று தடவையும் வெறுங்கையோடு திரும்பி, இணையத்தில் ஊரறிய எழுதினார்: 'இங்கே பெட்டி இல்லை. வைத்தவர் வந்து பார்ப்பதும் இல்லை. நீக்கிவிடலாம்.' அன்று சாயங்காலமே ஃபோல்க்மார் பதில் எழுதினார்: 'பார்த்தேன். பெட்டி நலம். தேடியவர்தான் நலமில்லை.' மாவட்டமே சிரித்தது. அதோடு பேச்சு நின்றது. பிறகு அந்தச் செங்குத்தில் ஏறிய ஒன்றிரண்டு பேரும் கிடைக்கவில்லை என்றே எழுதினார்கள். ஃபோல்க்மார் ஒவ்வொரு தடவையும் 'நலம்' என்று ஒரு சொல் போட்டு வாயை அடைத்தார்.

"அது அங்க இல்ல. சத்தியமா இல்ல," என்றார் எக்கார்ட்.

"அப்ப வீட்டுக்குப் போகலாமா?"

மூன்று கிலோமீட்டர் ஏற்றம். ஆறு வருடமாக அந்தப் பெட்டி இல்லவே இல்லை என்று சாதித்தவர், இன்றைக்கு அது இருக்க வேண்டுமே என்று வேண்டிக்கொண்டு மலை ஏறினார்.

ஒரு மணி நேரம் தேடினார்கள். பாறையிடுக்கு, வேர், பொந்து எல்லாவற்றிலும் கை விட்டாயிற்று. கிடைத்தது ஒரு நத்தை ஓடு. ஹைட்ரூன் பன்றிக்கொழுப்பு தடவிய ரொட்டியையும் ஊறுகாய் வெள்ளரியையும் எடுத்துப் பரப்பினார். எக்கார்ட் தொடவில்லை.

தேடித் தோற்றவர்கள் செய்யக்கூடிய கடைசிக் காரியம் ஒன்று உண்டு: விவரம் தெரிந்தவருக்குப் போன் போட்டுக் கேட்பது. அதில் தப்பில்லை, எல்லோரும் செய்வதுதான். ஆனால் இந்தப் பெட்டியைப் பற்றி விவரம் தெரிந்தவர் உலகத்தில் ஒரே ஆள்.

"என்கிட்ட அவர் நம்பர் இல்ல. அழிச்சுட்டேன்."

"என்கிட்ட இருக்கு." ஹைட்ரூனும் ஃபோல்க்மாரும் ஒரே தேவாலயப் பாட்டுக் குழு. "நீங்க ரெண்டு பேரும் பேசாம இருந்தா நாங்க பாடாம இருக்கணுமா என்ன? இந்தா."

மணி அடித்தது. அந்தப் பக்கம் கனத்த குரல், மூச்சு வாங்கியது.

"சொல்லு ஹைட்ரூன். இன்னிக்குப் பயிற்சி இல்லையே?"

"ஹைட்ரூன் இல்ல. வணக்கம். நான் எக்கார்ட் பேசறேன். நீங்க... நல்லா இருக்கீங்களா?"



"நீங்களா? என்னையா 'நீங்க'ங்கற? அஞ்சு வருஷம் என் டப்பாவுல ரொட்டி தின்னவன் நீ. உடம்பு கிடம்பு சரியில்லையா?"

"கழுகுப் பாறையில நிக்கறேன்."

"அங்க எதுக்கு?" என்று ஆரம்பித்த ஃபோல்க்மார் சட்டென்று நிறுத்தினார். வேட்டைக்காரனுக்கு இன்றைய தேதியை யாரும் ஞாபகப்படுத்த வேண்டியதில்லை. "இருபத்தொன்பது காலியா?"

"காலி."

"பதினாறுல பித்தப்பை. அது தெரியும், நான்தானே திராட்சை வாங்கிட்டு வந்தேன். இருபதுல என்ன ஆச்சு?"

"காய்ச்சல்."

"அட பாவி." குரலில் உண்மையான வருத்தம் இருந்தது. அடுத்த நொடியே தெம்பும் வந்துவிட்டது. "அப்ப பெட்டி இருக்குன்னு ஒத்துக்கறியா?"

எக்கார்ட் மென்று விழுங்கினார். ஹைட்ரூன் கண்ணாலேயே மிரட்டினார்.

"இருந்தா... ஒத்துக்கறேன்."

"இருந்தா என்ன இருந்தா! வளைஞ்ச, வழவழப் பட்டை மரம் தெரியுதா? அடியில வேர் முடிச்சு. இடது பக்கமா முழங்கை வரைக்கும் கையை விடு."

விட்டார். மக்கிய இலைதான் வந்தது.

"இல்ல, ஃபோல்க்மார்."

"இன்னும் உள்ள."

"தோள் வரைக்கும் விட்டாச்சு. இல்ல."

"அங்கயே இரு. அசையாதே. வர்றேன்."

ஐம்பது நிமிடம் கழித்து ஃபோல்க்மார் வந்து சேர்ந்தார். முழங்கால்வரை சேறு. வணக்கம்கூடச் சொல்லாமல் தரையில் குப்புறப் படுத்து வேருக்குள் கையை விட்டுத் துழாவினார். கடைசியில் துருப்பிடித்த மூடி ஒன்று மட்டும் வெளியே வந்தது. ஏதோ மரநாய் கடித்த பல் தடம். உள்ளே தங்கியிருந்த மண்ணைப் பார்த்தாலே தெரிந்தது, அது நேற்று இன்று நடந்த விஷயம் இல்லை.

ஃபோல்க்மார் எழுந்து உட்கார்ந்தார். மூடியைத் துடைத்துக்கொண்டே இருந்தார்.

"எக்கார்ட், ஒண்ணு சொல்லணும். அன்னிக்கு நான் வந்து பாக்கல."

"என்ன?"

"பார்த்தேன், நலம்னு எழுதினது சோபாவுல படுத்துக்கிட்டு. நானும் ஒரு பட்டியல் வச்சிருந்தேன். அதுல இந்தப் பெட்டிக்கு நேரா ஒரு டிக் இருந்துது. டிக் இருந்தா பெட்டி இருக்கும்னு நினைச்சேன். உன் மேல இருந்த கோவத்துல, அப்புறமும் ஏறி வந்து பாக்கணும்னு தோணல. நீ சொன்னது சரிதான்டா. நான்தான் பொய் சொன்னேன்."

இந்த ஒரு வாக்கியத்துக்காக எக்கார்ட் ஆறு வருடம் காத்திருந்தார். இது வரும் நாளில் என்னென்ன பேசுவது என்று குளியலறையில் ஒத்திகை எல்லாம் பார்த்து வைத்திருந்தார். இப்போது ஒரு வரிகூட ஞாபகம் வரவில்லை. ஜெயித்துவிட்டார், ஜெயித்ததனாலேயே கட்டம் காலி. அழுவதா சிரிப்பதா என்று அவருக்கே தெரியவில்லை.

"என் பட்டியலும் ஒண்ணும் ஒழுங்கில்ல. ஹைட்ரூன் ஷூவுக்குள்ள பாதி இருக்கு," என்றார்.

ஹைட்ரூன் ஷூ கதையை விலாவாரியாகச் சொல்லி முடிப்பதற்குள் ஃபோல்க்மார் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். சிரித்துக்கொண்டே தோள்பையைத் திறந்து ஒரு புதுப் பெட்டியை எடுத்தார். பெட்டி வைக்கிறவர்கள் மாற்றுப் பெட்டி இல்லாமல் காட்டுக்குள் வரமாட்டார்கள்.

"வச்சவன் நான். பழசு போச்சு, புதுசு வைக்கிறேன். சட்டத்துல இடம் இருக்கா, சிக்னல்காரா?"

எக்கார்ட் யோசித்தார். நிஜமாகவே யோசித்தார். "இருக்கு. ஆனா நீ வைக்கிறதை நான் பாத்தா, அது நான் தேடினதா ஆகாது."

"அப்ப திரும்பி நில்லு. எரநூறு எண்ணு."

அப்படித்தான், அறுபத்தேழு வயதில், எக்கார்ட் ஒரு மரத்தில் முகத்தைப் புதைத்துக்கொண்டு சத்தமாக எண்ணினார். எண்ணிக்கையில் ஒன்றைக்கூட விழுங்கவில்லை. நூற்று முப்பத்தேழில் ஹைட்ரூனின் குரல் கேட்டது: "அங்க வேண்டாம், அவனுக்கு முட்டி வளையாது." உடனே ஃபோல்க்மார்: "நீ சும்மா இரு. எந்தப் பக்கம் உன் கட்சி?"

"எரநூறு!"

தேடல் ஆரம்பித்தது. ஃபோல்க்மார் பாறையில் உட்கார்ந்து, எக்கார்டுக்கு ஊறுகாய் வெள்ளரி மிச்சம் இல்லாமல் பார்த்துக்கொண்டார். ஹைட்ரூன் எங்கேயும் பார்க்கக்கூடாது என்று வானத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். பத்து நிமிடம், இருபது நிமிடம். எக்கார்ட் தரையை விட்டு நிமிரவே இல்லை. கூரையேறிப் பிழைத்தவன் ஒளித்தால் எங்கே ஒளிப்பான் என்ற புத்தி அரை மணி கழித்துத்தான் வந்தது. செத்த ஊசியிலை மரம் ஒன்றில், தலைக்கு மேலே, எக்கினால் கைக்கு எட்டும் உயரத்தில், ஒரு பட்டை மட்டும் கொஞ்சம் தூக்கிக்கொண்டு நின்றது. பின்னால் பெட்டி.

புது நோட்டின் முதல் பக்கத்தில் 'கைகாட்டி, 29.2.2024' என்று எழுதினார். வாலை இழுத்தார், புள்ளி வைத்தார். அப்புறம் மூக்கைச் சிந்துகிற சாக்கில் திரும்பிக்கொண்டார். சந்தோஷமாக இருந்தது. அவ்வளவு சந்தோஷமாக இருந்து ரொம்ப நாள் ஆகியிருந்தது.

இறங்கும்போது ஹைட்ரூன்தான் கேட்டார். "ஃபோல்க்மார், உன் வீட்டுலேர்ந்து இங்க அரை மணிகூட ஆகாதே. ஏன் அவ்வளவு நேரம்? இந்தச் சேறு எந்த ஊரு?"

"ஆத்தோரம் போயிருந்தேன். ஒரு பெட்டிக்கு."

"கிடைச்சுதா?"

"நடுவுல போன் வந்துதுல்ல. வந்துட்டேன்."

எக்கார்ட் நின்றுவிட்டார். "உன் இருபத்தொன்பதும் காலியா?"

"அதுக்கென்ன, நாலு வருஷம் கழிச்சுப் பாத்துக்கலாம். எனக்கு எழுபத்தொண்ணுதானே ஆகுது, சின்னப் பையன்."

"உன் காரை எடு. பழைய ரயில் பாலம். ஆறு கிலோமீட்டர்தான். அதை நீ இன்னும் எடுக்கல."

ஃபோல்க்மார் விழித்தார். "நான் எடுக்கலைன்னு உனக்கு எப்படித் தெரியும்?"

எக்கார்ட் தன் பூட்ஸைப் பார்த்தார். ஹைட்ரூன் விடவில்லை.

"உனக்குன்னே பட்டியல்ல தனியா ஒண்ணு வச்சிருக்கு இந்த மனுஷன். முப்பத்திரண்டாவது விவரம். நீ எதை எடுத்த, எதை எடுக்கலைன்னு ஞாயித்துக்கிழமை தவறாம பாத்து ஏத்தும்."

"எதுக்குடா?"

"கிண்டல் பண்ணலாம்னுதான் ஆரம்பிச்சேன்."

"அப்புறம்?"

"அப்புறம் நிறுத்த முடியல. ஒரு வாரம் நீ எதுவும் எடுக்கலைன்னா, உனக்கு உடம்புக்கு என்னவோன்னு இருக்கும்."

ஃபோல்க்மார் தன் கார்க்கதவைத் திறந்துவிட்டார்.

பாலத்தடிக்கு வந்தபோது ஐந்தரை. வெயில் மேட்டுக்கு மேலே மட்டும் இருந்தது. கீழே நிழல் கட்டிவிட்டது. ஃபோல்க்மார் விரலை ஆட்டி எச்சரித்தார். "எங்கேன்னு வாயைத் திறக்காதே. நானே தேடுவேன்."

"திறக்க மாட்டேன்." பதினோரு வருடத்தில் எக்கார்ட் யாருக்கும் தானாகக் குறிப்பு கொடுத்தது கிடையாது. வேட்டைக்காரன் மானம் அதில்தான் இருக்கிறது என்று பாடம் நடத்துகிறவர்.

ஃபோல்க்மார் முதல் தூணைத் தடவினார். பிறகு கடைசித் தூண். சரியான தூணுக்கு வந்தார். எக்கார்ட் மூச்சைப் பிடித்தார். ஃபோல்க்மார் அடியில் மட்டும் பார்த்துவிட்டு நகர்ந்து போனார். திரும்ப முதல் தூண். வெளிச்சம் குறைந்துகொண்டே வந்தது. ஃபோல்க்மார் கண்ணைச் சுருக்கிக்கொண்டு, இரும்பை விரலால் தொட்டுத் தொட்டுப் பார்த்தார். கண்ணாடியை மாற்றிப் போட்டும் பிரயோஜனம் இல்லை. ஒரு தடவை கால் இடறிக் கையை ஊன்றி நின்றார். மூச்சு வாங்கியதை மறைக்க இருமினார்.

"ரெண்டாவது தூண்," என்றார் எக்கார்ட் உரக்க. "மேல் வரிசை. மூணாவது திருகாணி. அது ஆணி இல்ல, பெட்டி."

"சொல்லாதேன்னு சொன்னேன்ல!" ஃபோல்க்மாருக்கு நிஜமாகவே கோபம் வந்துவிட்டது.

"சொல்லலைன்னா இன்னும் நாலு வருஷம் ஆகும்டா. நம்மகிட்ட அவ்வளவு இருக்கான்னு எனக்குத் தெரியாது. ஆறு வருஷத்தை ஏற்கெனவே வீணாக்கியாச்சு."

 ஃபோல்க்மார் இரண்டாவது தூணுக்குப் போய், கையை மேலே நீட்டி, மூன்றாவது திருகாணியைப் பிடித்து இழுத்தார்.